ஆட்டிசக் குழந்தைகளுக்குப் படிப்படியாய்ப் பயிற்றுவித்தல்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் நம் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசப் பொருள் பல உள. தேர்வில் முதன்மை பெற்றோரைப் பற்றியும், அரசுப் பணியில் அமர்ந்தோரைப் பற்றியும் முன்னர்ப் பேசியோர் எடுத்துரைத்தனர். நாம் பேச எடுத்துக்கொண்டதோ, பள்ளிப் பதிவேட்டில் பெயரே ஏறாத சில குழந்தைகளைப் பற்றியது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத குழந்தை. மூன்று வயதாகியும் பேச்சு வாராத குழந்தை. ஒரே மூடியை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருக்கும் குழந்தை. சிறு மாற்றம் நேரினும் ஆற்றாது அலறும் குழந்தை. இத்தகைய அறிகுறிகள் சேர்ந்து காணப்படும் நிலையை மருத்துவர் ஆட்டிசம் என்பர். தமிழில் மதியிறுக்கம் என எழுதுவாரும் உளர். நம் தெருக்களிலோ காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்பார்கள். இல்லையேல், தாய் வளர்த்த வளர்ப்புச் சரியில்லை என்பார்கள்.

இக்குழந்தைகளுக்குக் கற்பிக்க இயலுமா? இயலும் என்பதே நம் விடை. எவ்வாறு இயலும் என்பதைக் கூறவே இம்மேடைக்கு வந்துள்ளோம்.

1943-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்னும் குழந்தை மனநல மருத்துவர், பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து, ஆட்டிசம் என்னும் நிலையை விரிவாக எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில், அதே நாட்டின் மினியாபோலிஸ் நகரில், ஒரு மாவு ஆலையின் மேல்மாடியில், பி. எஃப். ஸ்கின்னர் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் தோழர்களும் ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் அடித்து உருட்டக் கற்பிக்க முயன்றனர். புறா பந்தை அடித்ததும் இரை கொடுப்போம் எனக் காத்திருந்தனர். புறா அடிக்கவே இல்லை. பின்னர் அவர்கள் தம் முறையை மாற்றிக்கொண்டனர். புறா பந்தைப் பார்த்தாலே இரை கொடுத்தனர். பின்னர் அலகு பந்தை நோக்கி அசைந்தால் கொடுத்தனர். பின்னர்த் தொட்டால் கொடுத்தனர். சில நிமிடங்களில் புறா பந்தை அடித்து ஆடத் தொடங்கியது.

முழுச் செயலுக்காகக் காத்திராமல், அதற்குச் சற்றே அருகில் வரும் ஒவ்வொரு சிறு செயலையும் உடனுக்குடன் பாராட்டி, படிப்படியாக முழுச் செயலுக்கு இட்டுச் செல்லும் இம்முறைக்கு ஆங்கிலத்தில் ஷேப்பிங் என்று பெயர். நாம் இதனைப் படிப்படி வடிவாக்கம் எனலாம். செயலை வலுப்படுத்துமாறு உடனே அளிக்கப்பெறும் பரிசினை வலுவூட்டல் என்பர். கேனர் கண்ட குழந்தைகளும் ஸ்கின்னர் கண்ட முறையும் ஒன்றையொன்று சந்திக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அச்சந்திப்பின் சிறந்த சான்று ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். ஆய்வுக் கட்டுரை அவனை டிக்கி எனக் குறிக்கிறது. ஆட்டிசம் உடைய அச்சிறுவனுக்குக் கண்புரையும் இருந்ததால், இரு கண்களின் வில்லைகளையும் அறுவைச் சிகிச்சையால் அகற்ற நேர்ந்தது. இனி அவன் மூக்குக் கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும். ஆறு மாதத்திற்குள் அணியத் தொடங்காவிடில் தெளிவான மையப் பார்வையை நிலையாக இழப்பான் எனக் கண் மருத்துவர் எச்சரித்தார். டிக்கியோ கண்ணாடியை அணிய மறுத்தான். தலையை மோதிக்கொண்டும் தன்னையே அறைந்துகொண்டும் அலறுபவன் அவன். பெற்றோர் ஓராண்டுக்கு மேலாகப் போராடியும் பயனில்லை.

மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் என்னும் மூவர் இப்பணியை ஏற்றனர். அவர்கள் கண்ணாடியை முகத்தில் திணிக்கவில்லை. முதலில் வில்லை இல்லாத வெறும் சட்டங்களை அறையில் ஆங்காங்கே வைத்தனர். சிறுவன் ஒன்றைக் கையில் எடுத்தாலே பரிசு. பின்னர்ப் பிடித்துக்கொண்டிருந்தால் பரிசு. தூக்கிக்கொண்டு நடந்தால் பரிசு. முகத்தருகே கொண்டு வந்தால் பரிசு. முதல் சில வாரங்களில் முன்னேற்றம் மிகக் குறைவாகவே இருந்தது. அப்போது அவர்கள் சிறுவனைக் குறை கூறவில்லை. தம் முறையையே திருத்தினர். மிட்டாயும் பழத்துண்டும் அவனை ஈர்க்கவில்லை என்று கண்டு, அவன் உண்ணும் உணவையே வாய் வாயாகப் பரிசாக்கினர். காதில் எளிதில் மாட்டத்தக்க பெரிய சட்டத்தைத் தேடி, அது நழுவாதிருக்கத் தலைக்கு மேலாக ஒரு பட்டையும் பொருத்தினர். சிறுவன் கண்ணாடி அணிந்தான். அணிந்தபின் உணவு மட்டுமன்றி, உலாவச் செல்வதும் விளையாட்டும் பரிசாயின. நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் அவன் கண்ணாடி அணியும் நிலை வந்தது. மருத்துவமனையை விட்டுச் செல்லுமுன் 600 மணி நேரத்திற்கு மேல் அணிந்திருந்தான். வீடு திரும்பி ஆறு மாதம் கழித்தும் கண்ணாடி அணிகிறான், பேச்சும் வளர்கிறது, குடும்பத்திற்கு மகிழ்ச்சியாய் இருக்கிறான் எனத் தாய் தெரிவித்தார். இவையனைத்தும் 1964-இல் அம்மூவரும் வெளியிட்ட கட்டுரையில் உள்ளன.

இவ்வரலாற்றில் நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. கற்பவன் நின்றுவிட்டால், கற்பிப்பவர் வைத்த படி உயரமாக இருக்கிறது என்று பொருள். அல்லது கொடுத்த பரிசு அவனுக்குப் பரிசாக இல்லை என்று பொருள். 'இவனுக்கு ஏறாது' என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை. தோழர்களே, அச்சொல்லை நாம் அறியாதவர் அல்லோம். நம் பாட்டனாரைப் பார்த்தும் தந்தையரைப் பார்த்தும் சொல்லப்பட்ட சொல் அது. அதனைப் பொய்யாக்கவே இச்சங்கம் தோன்றிற்று. அவ்வாறிருக்க, நம் வீட்டுக் குழந்தையைப் பார்த்து நாமே அதனைச் சொல்லலாமா?

இனி, வீட்டிலும் பள்ளியிலும் இம்முறையைக் கையாளும் வகையைக் கூறுவோம். வகுப்பில் பத்து நொடிகூட உட்காராமல் எழுந்தோடும் சிறுவன் ஒருவன் இருக்கிறான் எனக் கொள்வோம். 'ஒழுங்காக இருக்க வேண்டும்' என்பது இலக்காகாது. 'பத்து நிமிடம் பாயில் அமர்ந்து படம் பார்க்க வேண்டும்' என்பதே இலக்காகும். கண்ணால் காணவும் கடிகாரத்தால் அளக்கவும் கூடியதாக இலக்கு இருத்தல் வேண்டும். அடுத்து, இன்று அவன் எவ்வளவு செய்கிறான் என்பதைச் சில நாள் பார்த்துக் குறிக்க வேண்டும். பத்து நொடி அமர்கிறான் என்றால், தொடக்கம் அங்கேதான். பத்து நொடி அமர்ந்தவுடனே, அவன் எழுமுன்னரே, அவன் விரும்பும் பொருளைக் கொடுத்துப் பாராட்ட வேண்டும். சற்றே தாமதித்தாலும் எழுந்தோடியதற்குப் பரிசு பெற்றதாக அவன் கொள்வான். பத்து நொடி நிலைபெற்றபின் பதினைந்து, பின்னர் இருபது. புதிய படியில் இடறினால் முன்னைய படிக்குத் திரும்பி, அதனை உறுதி செய்து மீண்டும் ஏற வேண்டும். செயல் பழகியபின் தின்பண்டத்தைக் குறைத்து, புன்னகையும் தட்டிக்கொடுத்தலும் விளையாட்டுமே பரிசாகுமாறு செய்யலாம்.

பேச்சுக்கும் இவ்வாறே. தண்ணீர் வேண்டி நம் கையைப் பிடித்து இழுக்கும் குழந்தை முதலில் ஏதேனும் ஓர் ஒலி எழுப்பினாலே தண்ணீர் கொடுக்க வேண்டும். பின்னர் 'த' என்னும் ஒலிக்கு. பின்னர் 'தண்' என்பதற்கு. பின்னர் 'தண்ணி' என்பதற்கு. பேச்சு வாராத குழந்தை தண்ணீர்ப் படத்தைச் சுட்டிக்காட்டினால் அதுவும் பேச்சே ஆகும். கேட்கும் வழி ஏதேனும் ஒன்று கிடைத்துவிட்டால், அலறலின் தேவை குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டியுள்ளது. இம்முறை நாம் அறியாமலும் நடைபெறும். கடைத்தெருவில் குழந்தை பிஸ்கட் கேட்டுச் சிணுங்குகிறது, மறுக்கிறோம். அழுகிறது, மறுக்கிறோம். தரையில் விழுந்து புரண்டு அலறுகிறது. ஊர் பார்க்கிறதே என்று வாங்கிக் கொடுக்கிறோம். மறுநாள் அது சிணுங்காமல் நேரே தரையில் விழுகிறது. அதற்கு அப்பாடத்தைப் படிப்படியாகக் கற்பித்தவர் நாமே. கொடுப்பதாயின் மெல்லக் கேட்டபோதே கொடுத்திருக்க வேண்டும் என்பதை உணர்தல் நன்று.

'அடியாத மாடு படியாது' என்பார் நம்முள்ளும் உளர். அடி, செய்யாதே என்று மட்டுமே சொல்லும்; எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லாது. அறிவியலார் சிலரும் இத்தவற்றைச் செய்தனர் என்பதை மறைத்தல் ஆகாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆட்டிசக் குழந்தைகளுக்குத் தீவிரப் பயிற்சி அளித்துப் புகழ்பெற்ற ஐவர் லோவாஸ், 1960-களில் அறைதலையும் மின் அதிர்ச்சியையும் பயன்படுத்தினார். டிக்கியின் பயிற்சியிலும், கண்ணாடியை எறிந்தால் சிறிது நேரம் தனியறையில் விடும் வழக்கம் இருந்தது. உணவு பயிற்சியோடு பிணைக்கப்பட்டது. குழந்தையின் வேளை உணவைப் பிடித்துவைத்துக் கற்பிப்பதை நாம் பின்பற்றலாகாது. ஆட்டிசம் உடையோர் பலர் இன்று வளர்ந்து, தாமே எழுதியும் பேசியும் வருகின்றனர். எவர்க்கும் தீங்கு செய்யாத கையசைப்பைக்கூட அடக்க முயன்ற பயிற்சிகள் தம்மை வருத்தின என்கின்றனர். அவர்கள் கூற்றுக்குச் செவிசாய்க்க வேண்டும். டிக்கிக்குக் கண்ணாடி அணிவித்த உல்ஃப் அவர்களே 1978-இல் எழுதிய கட்டுரையில், பயிற்சியின் இலக்கும் முறையும் பயனும் அதற்கு உட்பட்ட மக்களுக்கு ஏற்புடையனவா எனக் கேட்டறிய வேண்டும் என வற்புறுத்தினார். ஆகவே இலக்கை வகுக்கும் முன், 'இது குழந்தைக்குப் பயன்படுமா, அன்றி நம் வெட்கத்தை மறைக்கவா?' என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

தாய்மார்களே! தாயின் அன்பு குளிர்ந்து போனதால் ஆட்டிசம் வருகிறது என ஒரு காலத்தில் மேனாட்டு அறிஞர் சிலரே எழுதினர். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலறிஞருமான பெர்னார்டு ரிம்லண்டு 1964-இல் எழுதிய நூலில் அக்கருத்தை மறுத்தார். வளர்ப்பினால் இது வருவதன்று; மூளை வளர்ச்சியைச் சார்ந்தது; பிறப்போடு வருவது. கேனர் கண்ட குழந்தைகளின் பெற்றோர் பெரும்பாலும் படித்த மேல்தட்டினராக இருந்ததால், இது அவர்கள் வீட்டில் மட்டுமே காணப்படும் என்ற தவறான எண்ணமும் பரவியது. குடிசையிலும் இது உண்டு. அங்கே கண்டறிவார் இல்லை என்பதே வேறுபாடு. படிப்படி வடிவாக்கம் ஆட்டிசத்தைப் போக்கும் மருந்தன்று. ஆயினும் உண்ண, உடுக்க, கேட்க, கற்க அக்குழந்தைக்குத் துணை செய்யும்.

சட்டமும் இன்று துணை நிற்கிறது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக அதனை ஏற்று, 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனச் சான்று பெற்ற குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. சான்றிதழ் பெறுவது எவ்வாறு என அறியாத பெற்றோர்க்கு விண்ணப்பம் எழுதித் தருவதும், மருத்துவமனைக்கு உடன் செல்வதும் நம் படித்த இளைஞர்களின் கடமையாகும்.

இளைஞர்களே! நம் மாலை வகுப்புகளில் இரவு பகல் பாராது பாடம் சொல்லித் தருகிறீர்கள். அவ்வகுப்பின் வாயிலில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வர மறுத்து நிற்கும் ஒரு குழந்தையை நாளை நீங்கள் காணக்கூடும். இழுத்து உட்கார வைக்காதீர்கள், அனுப்பியும் விடாதீர்கள். அது ஓரடி உள்ளே வைத்தால், அந்த ஓரடிக்காக மகிழுங்கள். அது காணுமாறு மகிழுங்கள். மறுநாள் இரண்டடி வைக்கும்.