ஒரு முறைக்கு ஒரு மாற்றம்



ஆய்வகக் கணினியில் இணையம் வரவில்லையா? எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றி மாட்டாதீர்கள். முதலில் கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையெனில், நன்றாக இயங்கும் வேறொரு கேபிளை மாட்டுங்கள். பிறகு ரூட்டரில் வேறு போர்ட்டில் செருகுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம். அப்போதுதான் குறை பிடிபடும்.

இணையம் வந்தும் வேகமில்லையா? கேபிளுக்குள் 8 கம்பிகள். 1000 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். ஒரு கம்பி அறுந்தால் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம்.

இந்தச் சோதனையை மாணவர்களையே செய்யவிடுங்கள். ஊகித்தல், சோதித்தல், முடிவுக்கு வருதல்: அறிவியல் பாடமும் இதுதானே! பழுதுபார்ப்பவர் வரும்வரை பூட்டிய ஆய்வகத்தால் இழப்பு பிள்ளைகளுக்கே.