விதை நிதியும் கிராமத்தின் பங்கும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் நாட்டுப் பல்கலைக் கழகங்கள் வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களோடு கூடி ஆராய்ச்சி நடத்த அரசாங்கம் பொருளுதவி செய்கிறது. இதைக் கேட்டதும், பேராசிரியர்கள் கடல் கடந்து போய்வர நம் வரிப்பணமா என்ற ஐயம் நம்மில் பலருக்கு எழுகிறது. கேட்கத் தக்க கேள்விதான்.

வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் விதை நெல்லை நாம் குத்தி உண்பதில்லை. மரக்கால் கணக்கில் விதைத்தால்தான் கலக் கணக்கில் அறுக்கலாம் என்பதை அறிவோம். ஆராய்ச்சியிலும் அத்தகைய பணம் உண்டு. அதை விதை நிதி என்பர். பெரிய ஆய்வுக்கூடம் கட்ட அது போதாது. இரு நாட்டு விஞ்ஞானிகள் சந்திக்கவும், மாணவர்கள் சில மாதம் மறு நாட்டில் தங்கிப் பயிலவும், புதிய கருத்தொன்றைச் சிறு அளவில் சோதிக்கவும் அது உதவும். சோதனை பலித்தால் அதனைச் சான்றாகக் காட்டிப் பெருநிதி கோரலாம். பலிக்காவிடில் இழப்பும் சிறிதே. பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகமும் பிரெஞ்சு அரசாங்கமும் 1993-ல் இதற்கெனவே ஒரு நிதியை நிறுவின. கூட்டாராய்ச்சிக்கு உதவ நம் மத்திய அரசாங்கமும் 2018-ல் 'ஸ்பார்க்' என்னும் திட்டத்தை 418 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கியது.

பல நாட்டார் கூடுவதால் உழவனுக்கு என்ன பயன்? வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிர் மூச்சு முட்டி, தண்ணீருக்கு மேலே தலை நீட்ட முயன்று, தன் சேமிப்பையெல்லாம் செலவழித்து மடிகிறது. ஒரிசா உழவர்களின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எப்.ஆர். 13ஏ என்னும் இரகமோ வளராமல் அடங்கியிருந்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது. இப்பண்பு அந்நெல்லில் எங்கே அமைந்துள்ளது என்பதை அமெரிக்காவின் டேவிஸ் நகரப் பல்கலைக் கழக விஞ்ஞானிகள் 1996-ல் கண்டறிந்தனர். அவர்களும் ரிவர்சைடு பல்கலைக் கழகத்தாரும் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடி உழைத்து, அப்பண்புக்குக் காரணமான மரபணுவை 2006-ல் வெளியிட்டனர். அப்பண்பு சேர்த்த சுவர்ணா சப்-1 இரகம் 2009-ல் இந்தியாவில் வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் முழுகினாலும் அது பிழைக்கிறது. காவிரிப் படுகையில் நமக்குப் பழக்கமான சி.ஆர். 1009 நெல்லிலும் பின்னர் இப்பண்பு சேர்க்கப்பட்டது.

இருப்பிடம் கண்டறிந்ததற்கும் இரகம் வெளிவந்ததற்கும் இடையே 13 ஆண்டுகள். ஆகையால் விதைத்த மறுநாளே விளைச்சல் எங்கே என்று கேட்பது முறையன்று. ஆனால் விளைச்சலில் நம் பங்கு எங்கே என்று கேட்பது நம் உரிமை. இக்கதையில் முதல் வித்து எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறந்ததன்று. பெயர் தெரியாத ஒரிசா உழவனின் வயலில் விளைந்தது.

நம் ஊர்களில் அப்படிப் பெயர் மறைந்துபோக விடலாகாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் இதற்கென ஒரு குழு அமைய வேண்டும். ஊரிலுள்ள நாட்டு விதைகளையும் அவற்றின் குணங்களையும் மக்கள் பதிவேட்டில் எழுதிவைப்பது அதன் பணி. அப்பதிவேடு அலமாரியில் வெறும் ஏடாகக் கிடந்தால், நாளை நம் விதை கடல் கடந்து பெருமை பெறும்போது நம்மிடம் சான்று இராது.

எனவே, ஆராய்ச்சியாளர் வந்தால் வயலைக் காட்டுவோம், விதையும் கொடுப்போம். கொடுத்தது யார், எந்த ஊர், எந்த நாள் என்று எழுதியும் வைப்போம். உவரும் வெள்ளமும் வறட்சியும் நமக்குத் தரும் தொல்லைகளை எடுத்துரைத்து, அடுத்த ஆராய்ச்சி அவற்றிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்போம். விதைப்பவர் பலராயினும் நிலம் நம்முடையது.