பெயர் தெரிந்தால் வெட்ட மனம் வராது

(படைப்பின் காலத்தையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



சாலமோன் அரசர் என்றதும் நமக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒரு குழந்தைக்காக வழக்காடிய இரு தாய்மாருக்கு அவர் அளித்த தீர்ப்பு ஒன்று. அவர் எழுப்பிய எருசலேம் கோவில் மற்றொன்று. அரசர்கள் முதல் நூலின் நான்காம் அதிகாரம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. அதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சாலமோன் செடிகொடிகளைப் பற்றிப் பேசினார். லெபனோனின் கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புச் செடி வரை அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஞானத்தைக் கேட்கப் பல நாட்டு மக்களும் வந்தார்கள்.

கேதுருவைப் பற்றி யாரும் பேசுவார்கள். அது அரண்மனைக்கு உத்தரமாகும் மரம். சுவர் இடுக்கில் முளைக்கும் ஈசோப்பைப் பற்றிப் பேச ஓர் அரசருக்கு என்ன தேவை? ஆனால் அந்தச் சின்னச் செடியைக் கொண்டுதான் பாஸ்கா இரவில் இஸ்ரயேலர் தங்கள் வீட்டு நிலைகளில் ஆட்டின் இரத்தத்தைப் பூசினார்கள். சிலுவையில் தொங்கிய ஆண்டவருக்குக் கடற்பஞ்சை நீட்டியதும் ஈசோப்புத் தண்டில்தான் என்று யோவான் எழுதுகிறார். சுவரோரச் செடிக்கும் மீட்பின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

நம் ஆண்டவர் இயேசுவும் நடந்துகொண்டே கற்பித்தவர். விதைப்பவர், கடுகு விதை, அத்தி மரம் என்று வழியில் கண்டதையெல்லாம் பாடமாக்கினார். வயலில் பூக்கும் காட்டுச் செடிகளைக் கவனிக்கச் சொன்னார். அதாவது, அவற்றின் முன்னே நின்று பார்க்கச் சொன்னார்.

அன்பார்ந்தவர்களே, இனி நம் ஊருக்கு வருவோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதியை ஏரி மாவட்டம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டை என்ற பெயருக்குள்ளேயே ஒரு காடு இருக்கிறது. படப்பை என்றால் பழந்தமிழில் தோட்டம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அவற்றைத் தொடர்ந்து இன்னும் எத்தனையோ ஆலைகள். இந்த ஆலைகள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நம் பங்கில் பல வீடுகளில் அடுப்பு எரிவதும், பிள்ளைகள் படிப்பதும் இந்த வேலைகளால்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியே தினமும் நாம் பார்க்கிற செடிகளில் எத்தனைக்கு நமக்குப் பெயர் தெரியும்?

பெயர் தெரியாத செடிக்கு நாம் ஒரு பொதுப் பெயர் வைத்திருக்கிறோம்: புதர். புதர் என்று சொல்லிவிட்டால் அடுத்த வார்த்தை 'சுத்தம் செய்' என்பதுதான். அரை நாளில் ஜேசிபி வேலையை முடித்துவிடும். அந்தப் புதருக்குள் ஆவாரை இருந்ததா, நொச்சி இருந்ததா, வெப்பாலைக் கன்று இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இந்தச் சோழமண்டலக் கரைக்கென்றே ஒரு காடு உண்டு. கோடையிலும் பச்சை மாறாமல், சிறிய தடித்த இலைகளோடு, குறைந்த தண்ணீரில் நிற்கும் காடு. வீரை, காயா, உலக்கைப்பாலை எல்லாம் அதன் மரங்கள். இன்று அது கோவில் காடுகளிலும் காப்புக்காடுகளிலும் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மண்ணிலிருந்து மறைவதற்கு முன்பே அந்த மரங்கள் நம் நாவிலிருந்து மறைந்துவிட்டன.

ஆனாலும் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போகும் ஆயாவைக் கேட்டுப் பாருங்கள். இது தும்பை, இது பிரண்டை, துவையல் அரைக்கலாம், இது முடக்கத்தான், தோசைக்கு ஆகும், இது கீழாநெல்லி, இலைக்கடியில் காய் வரிசை பார் என்று சொல்லிக்கொண்டே போவார். ஆடு மேய்க்கும் பெரியவருக்கு எந்தத் தழையை ஆடு தின்னும், எதைத் தொடாது என்று தெரியும். இவர்கள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் சாலமோனின் கலை இவர்களிடம் இருக்கிறது. அவர்கள் நம்மை விட்டுப் போகும்போது அந்தப் பெயர்களும் அவர்களோடு போய்விடும். ஏரி தூர்ந்தால் மீண்டும் தூர்வாரலாம். மறந்துபோன பெயரை எந்த இயந்திரம் தோண்டி எடுக்கும்?

ஆகவேதான் செடிகளைப் பற்றிப் பேசுவதும், மக்களைக் கூட்டிக்கொண்டு நடப்பதும், விதை சேர்க்கக் கற்றுக்கொடுப்பதும் வீண் பொழுதுபோக்கு அல்ல. நம் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் கலக்கிறது. அந்த ஆற்றோடு சென்னைக்குள் போனால் கோட்டூர்புரம் வரும். அங்கே ஆற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த ஓர் இடம் இன்று நம் மண்ணின் மரங்கள் நிறைந்த பூங்காவாக நிற்கிறது. 2005-இல் தொடங்கப்பட்ட 'நிழல்' என்ற அறக்கட்டளையும் அதன் தன்னார்வலர்களும் அதை வளர்த்தெடுத்தார்கள். அவர்கள் மரம் நடுவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மரங்களை அறிமுகப்படுத்தும் நடைகளையும் நடத்தினார்கள். பொதுமக்கள் ஒரு தெருவில் நடந்து, மரத்துக்கு மரம் நின்று, பெயர் கேட்டுப் போவார்கள். தான் தினமும் ஸ்கூட்டர் நிறுத்தும் மரத்தின் பெயரை அறிந்த மனிதர், அடுத்த முறை அதில் ஆணி அடிக்க வருபவரைத் தடுத்துக் கேட்பார்.

நம் திருஅவைக்கும் இதில் ஒரு மரபு உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே. எம். மேத்யூ என்ற இயேசு சபைக் குரு இருந்தார். தம் சபையைச் சேர்ந்த ரபினா அடிகளாரின் பெயரில் அங்கே உலர்தாவரக் காப்பகம் ஒன்றை உருவாக்கினார். தமிழகத்தின் ஊர்களிலும் மலைகளிலும் நடந்து, செடிகளைச் சேகரித்து, 1980-களில் பல தொகுதிகளாகத் தாவர நூலை வெளியிட்டார். அந்தப் பெரிய நூல் ஆய்வாளர்களுக்கானது. 1991-இல் மத்திய தமிழகத்துக்கு, வெளியே நடந்து செல்பவர்கள் கையில் எடுத்துப் போகும்படி ஒரு கள நூலையும் எழுதினார். 2004-இல் இறைவனடி சேர்ந்தார். செடியின் முன் குனிந்து நிற்பதும் குருத்துவப் பணிதான் என்பதற்கு அவர் சாட்சி.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'நம் மண்ணின் செடி', 'வெளியிலிருந்து வந்த செடி' என்று பேசும்போது சிலருக்கு மனிதர் மேலும் அந்தப் பேச்சு பாய்ந்துவிடுகிறது. கூடாது. நம் சமையலறையிலுள்ள மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவை. நம் நிலக்கடலையும் அப்படித்தான். அவற்றால் நமக்குத் தீங்கில்லை. சீமைக்கருவேலம் அப்படியல்ல. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்த அந்த முள்மரம், ஏரிக்குள்ளும் கால்வாய்க்குள்ளும் புகுந்து, தன் அருகே வேறொன்றை வளரவிடாமல் பரவுகிறது. ஆகவே கேள்வி, எங்கிருந்து வந்தது என்பதல்ல. பக்கத்திலுள்ளதை வாழவிடுகிறதா என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வதும் நல்லது.

ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் ஆலைகளில் உழைக்கும் பிள்ளைகள் பலர் ஞாயிறு திருப்பலியில் நம்மோடு மண்டியிடுகிறார்கள். பாதிப் பேரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களுக்கு ஓர் இலுப்பை மரத்தைக் காட்டிப் பாருங்கள். 'மகுவா' என்பார்கள். அவர்கள் ஊரில் பெண்கள் விடியற்காலையில் பூ பொறுக்கும் மரம் அது. இங்கே அதன் எண்ணெயில் நம் முன்னோர் விளக்கேற்றினார்கள். ஒரே மரத்தடியில் இரண்டு ஊர்கள் நிற்கலாம். செடியின் பெயரைக் கேட்டபின், சொன்னவரின் பெயரையும் கேளுங்கள். நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் அல்லவா?

சரி, பங்கு மக்களாகிய நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, நவம்பர் 2 வருகிறது. அதற்கு முன் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வோம். இந்த ஆண்டு மருந்து அடிக்கும் முன், மண்வெட்டி எடுக்கும் முன், ஒரு ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னால் விட்டு, பிள்ளைகளோடும் இளைஞர்களோடும் அங்கே ஒரு மணி நேரம் நடங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் சேர்ந்துகொள்ளலாம். அன்று பேச்சாளர் அந்தப் பெரியவர்தான், பங்குத் தந்தை கேட்பவர். ஒரு நோட்டில் பெயர்களை எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், இந்தியில் ஒடியாவில் சொன்னாலும் எழுதுங்கள். நடக்கும்போது எதையும் பிடுங்க வேண்டாம், வாயில் வைக்கவும் வேண்டாம். அரளியும் ஊமத்தையும் குன்றிமணியும் நஞ்சு. மூலிகை என்று கேட்டதை மருத்துவரைக் கேட்காமல் நோய்க்குச் சாப்பிடவும் கூடாது.

இரண்டாவது, ஒரு மூலையை விட்டுவையுங்கள். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தம் மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொத்தாமல் விடச் சொன்னார். காட்டுப் பூக்களும் பூண்டுகளும் அங்கே வளர்ந்து, பார்ப்பவர் மனத்தைக் கடவுளிடம் எழுப்பட்டும் என்பது அவர் எண்ணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த லவ்தாத்தோ சி திருமடலில் இதை நினைவூட்டினார். நம் ஆலய வளாகத்தில் எல்லாவற்றுக்கும் டைல்ஸ் போட வேண்டுமா? சுற்றுச்சுவர் ஓரம் ஒரு எருக்கஞ்செடி நின்றால், அதன் பாலுள்ள இலையைத் தின்று வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு வளரும். நமக்கு உதவாதது என்று நாம் நினைப்பது இன்னொரு உயிருக்குப் பந்தி.

மூன்றாவது, விதை சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும், பழம் உதிர்ந்ததும் போட்டுவிட வேண்டும். சரக்கொன்றை விதைக்குத் தோல் கடினம், உரசியோ வெந்நீரில் ஊறவைத்தோ போட வேண்டும். புங்கன் விதைக்கு இந்தப் பாடு ஒன்றும் இல்லை. மறைக்கல்வி வகுப்பில் ஒரு நாளை இதற்குக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது கன்று தயாராக இருக்கட்டும். மரம் வாங்கி நடுபவர்களும் யோசியுங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது சென்னையில் சாய்ந்தவற்றில் குல்மோகர் போன்ற மரங்கள் ஏராளம். ஏரிக்கரைகளில் நம் பனை நிற்கிறது. 2021 முதல் மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, உயிர்ப்பு ஞாயிறு காலையில் மகதலா மரியா ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். அவர் பெயரைச் சொல்லி ஆண்டவர் அழைத்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பெயர் சொல்லி அழைப்பதில் அன்பு தொடங்குகிறது. நம் ஏரிக்கரைச் செடிகளிடமும், அடுத்த பெஞ்சில் அமரும் அண்ணன் தம்பியிடமும் அதையே செய்வோம்.

மன்றாடுவோம். படைப்பனைத்தின் தந்தையே, நீர் நட்டதை அறியாமலே அழிக்கும் அவசரத்திலிருந்து எங்களைக் காத்தருளும். அறிந்தவர்களிடம் கேட்கும் தாழ்ச்சியையும், கேட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுமையையும் தாரும். எங்கள் ஏரிகளையும் உழைக்கும் கைகளையும் ஆசீர்வதியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.