முழங்காலில் ஒரு சிறு துவாரம்

கோப்பாயின் செம்மண் தோட்டங்களிலே வெங்காயத்துக்குக் களை பிடுங்குவோர் நாளின் பெரும்பகுதியைக் குந்தியிருந்தே கழிப்பர். ஐம்பது வயதை அணுகியதும் அவர்களுட் பலர் எழும்போது முழங்காலைக் கையாற் பற்றிக்கொள்வதைக் காணலாம். அத்தகைய ஒருவரிடம், சாவித் துவாரச் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் அன்றே வீடு திரும்பலாம் என்று எவரேனும் கூறினால் அச்சொல் தேனாய் இனிக்கும். வெட்டுச் சிறியது, ஆகவே ஆபத்தும் சிறியதே என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது.

முன்னோர் அப்படி எண்ணியதில்லை. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்தில், முழங்கால் மூட்டைத் திறப்பதென்பது உயிரோடு விளையாடுவதாகும். மூட்டினுள் சீழ் பிடித்தால் காலையே எடுக்க நேரும். சிறு துவாரத்தினூடே மூட்டைக் காணும் முறையை வளர்த்தெடுத்தவர்களுள் யப்பானியர் முக்கியமானவர்கள். தோக்கியோவிலே கெஞ்சி தக்காகி 1918ஆம் ஆண்டு, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயொன்றை இறந்தவரின் முழங்காலுட் செலுத்திப் பார்த்தார். அவர் வழிவந்த மசாக்கி வத்தனாபே, 1962ஆம் ஆண்டு, கிழிந்த பிறைக் குருத்தெலும்பின் ஒரு பகுதியை இவ்வழியே வெட்டி அகற்றினார். இன்று இரண்டு மூன்று சிறு துவாரங்கள் போதும். உப்புநீர் மூட்டை விரிக்க, ஒரு துவாரத்திற் கமராவும் மற்றொன்றிற் கருவியும் நுழைகின்றன.

அச்சம் குறைந்ததேயன்றி நீங்கவில்லை. இங்கிலாந்தில் 1997 முதல் 2017 வரை நடந்த ஏறக்குறைய 7 இலட்சம் சிகிச்சைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, 90 நாட்களுள் கடுமையான சிக்கலுக்கு ஆளானோர் ஆயிரத்தில் மூவர். பத்தாயிரத்தில் 13 பேருக்கு, தொற்றுக் காரணமாக மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டியிருந்தது. 8 பேருக்குக் குருதிக்கட்டி நுரையீரலை அடைத்தது. தொகை சொற்பந்தான். ஆனால் அந்த எண்மருள் ஒருவராகிவிட்டவருக்குத் தொகையாற் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. இச்சிக்கல்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலன்றி, வீட்டிலேயே தலைகாட்டுகின்றன. துவாரத்தருகே தோலிற் சிறிது மரத்துப்போதல் பெரிதன்று. நுண்ணிய நரம்பொன்று அறுபட்டதன் விளைவு அது. முதற் சில நாள் வீக்கமும் வழமையே. தணிந்துவந்த நோவு திரும்பவும் மூண்டு, மூட்டுச் சூடேறிச் சிவந்து, காய்ச்சலும் கண்டால் அதுவே தொற்றின் அடையாளம். சீழ் குருத்தெலும்பை விரைவிலே அரித்துவிடும்.

கெண்டைக்கால் வீங்கி நோவது இதனினும் வஞ்சகமானது. முறிவு நெறிவுக்கு எண்ணெய் பூசி உருவுவது குடாநாட்டில் நெடுங்கால வழக்கம். நோகும் காலைக் கண்டதும் வீட்டார் அன்போடு எண்ணெய்ப் போத்தலை எடுத்து வருவர். இந்நிலையில் மட்டும் அந்த அன்பு ஆகாது. நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி உருவுதலாற் பெயர்ந்து நுரையீரலை எட்டக்கூடும். மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

அப்படியாயின் இச்சிகிச்சை வேண்டுமா? விளையாட்டிற் குருத்தெலும்பு கிழிந்து, முழங்கால் நீட்டமுடியாது பூட்டிக்கொண்ட இளைஞனுக்கு இது பெரும் உதவி. தேய்மானத்தால் நோவுறும் தோட்டக்காரரின் கதை வேறு. பின்லாந்தில் 146 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. வயதோடு குருத்தெலும்பு நைந்து கிழிந்தவர்கள் அவர்கள். சிலருக்கு உண்மையாகவே சிகிச்சை செய்தனர். ஏனையோருக்குச் செய்வதுபோலப் பாவனை மட்டுமே காட்டினர். ஓராண்டின் பின் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் உடற்பாரக் குறைப்புமே அத்தகையோருக்கு முதலில் உரியவை.

சிகிச்சைக்கு இசைபவர், முன்பு குருதி உறைந்ததுண்டா, நீரிழிவு உண்டா, எம்மருந்துகளை உட்கொள்கிறார் என்பவற்றை மறையாது வைத்தியரிடம் கூறவேண்டும். வீடு திரும்பியபின் படுத்தே கிடவாமல், அனுமதித்த அளவு நடப்பதும் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் நன்று. கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை சில மைல் தூரமே. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ நள்ளிரவிற் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் நள்ளிரவிலேயே புறப்பட வேண்டும்.