கயிறு அறுந்த மறுநாள்



மகாராஷ்டிரத்தில் தளேகாவ் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கரடியாட்டிப் பிழைத்த தர்வேஷிகள் கரடியோடு தெருவுக்கு வந்த காலத்தைச் சொல்வார்கள். நம் தமிழ்நாட்டிலும் பிள்ளைகளின் பயம் தெளியக் கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டியவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கரடி ஆட்டத்தின் பின்கதை கொடியது. காய்ச்சிய ஊசியால் குட்டியின் மூக்கைத் துளைத்துக் கயிறு கோப்பார்கள், பல்லை உடைப்பார்கள். வலிக்குப் பயந்து அது கால் மாற்றியதைத்தான் ஊர் கைதட்டிப் பார்த்தது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தும் ஆட்டம் நிற்கவில்லை. கரடியை விட்டால், அதை ஆட்டிப் பிழைத்த கலந்தர் சமூகக் குடும்பங்களுக்குச் சோறு ஏது? வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு கரடிகளை மீட்டதோடு, ஆட்டோ, சிறுகடை, நெசவு என்று அவர்களுக்கும் பிழைப்புக்கு வழி செய்தது. ஆக்ரா, பன்னேர்கட்டா முதலிய காப்பகங்களுக்கு 600-க்கும் மேற்பட்ட கரடிகள் வந்தன. பல்லிழந்தவற்றைக் காட்டில் விட முடியாதே! 2009-இல் கடைசி ஆட்டக் கரடியும் வந்து சேர்ந்தது.

பல்கேரியாவிலும் கரடி ஆட்டம் இருந்தது. அங்கே மனிதர்களுக்கும் கயிறு இருந்தது. தோதோர் ஷிவ்கோவின் 35 ஆண்டுக் கம்யூனிஸ்ட் ஆட்சியில் வேலை உறுதி, வாய்க்குப் பூட்டு. எல்லை தாண்ட முயன்றவர்கள் சுடப்பட்டார்கள். 1989 நவம்பரில் அவர் பதவி இழந்தார். பிறகு கூட்டுப் பண்ணைகள் கலைந்தன, வேலையும் போனது. கரடிகளுக்காக ரீலா மலைப்பகுதியில் பெலீத்சா காப்பகம் 2000-இல் திறந்தது. 2007-இல் அங்கும் ஆட்டம் ஓய்ந்தது.

போலந்து எழுத்தாளர் வித்தோல்ட் ஷாப்வோவ்ஸ்கி இந்தக் கரடிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விடுபட்ட பிறகும் மனிதரைக் கண்டால் பின்னங்காலில் எழுந்து ஆடும் கரடிகளை, பழைய ஆட்சியை நினைத்து ஏங்கும் மக்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒப்புமை கூர்மையானதுதான். ஆனாலும் முழுக்கப் பொருந்தாது. கரடி ஆடுவது பழக்கத்தால். ஆலை மூடி வேலையிழந்தவர் பழைய சம்பள நாளை நினைப்பது கணக்குப் பார்த்து. அவர் கேட்பது வேலையை, கயிற்றை அல்ல. அந்த ஏக்கத்தை எள்ளி நகையாடவும் கூடாது, கொடுங்கோலுக்குச் சான்றிதழாகக் காட்டவும் கூடாது.

கயிற்றை அறுத்த கையே கலந்தருக்குப் பிழைப்பையும் கொடுத்தது. ஆட்சிகளை மாற்றுகிறவர்கள் கற்க வேண்டிய பாடம் இதுதான்: விடுதலைக்கு நாள் குறிக்கும்போதே மறுநாள் அடுப்பு எரியவும் வழி பார்க்க வேண்டும்.