பூநகரிக்குப் பேர் வாங்கித் தந்த அரிசி

பொருளுக்குப் பேர் தேடுகிறவர்களும் காணொளி எடுத்துப் போடுகிறவர்களும், "புதிதாக ஒன்றும் தோன்றுதில்லை" என்று கவலைப்படுவார்கள். அவர்கள் ஒருதரம் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிக்கு வந்து பார்க்கலாம்.

மொட்டைக்கறுப்பன் அரிசி என்றால், "பூநகரி அரிசியோ?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. மழையை நம்பிக் காலபோகத்தில் விதைக்கிற நெல். புட்டுக்கும் சோற்றுக்கும் தனி ருசி. அந்தப் பேரை எந்த விளம்பரக் கம்பெனியும் எழுதிக் கொடுக்கவில்லை. சாப்பிட்டவர்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்தது.

ஊர்ப் பேரே முத்திரையானால் அதற்குச் சட்டக் காவலும் கிடைக்கும். 2004இல் டார்ஜிலிங் தேயிலை இந்தியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்றது. 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அதே வகைப் பாதுகாப்பைக் கொடுத்தது. எங்கள் பிள்ளைகளும் அந்த உயரத்துக்கு ஆசைப்படலாம். விதைப்பு, அரிவு வெட்டு, சூடடிப்பு எல்லாமே படம் பிடிக்க வேண்டிய கதைகள்தான்.

அரிசிப் பை அச்சடிக்கப் புறப்பட்ட ஒரு பொடியன் தாத்தாவிடம் கேட்டானாம்: "அப்பு, பையிலை முதல்லை என்னத்தைப் போடுறது? படமோ, பேரோ?"

அப்பு சொன்னார்: "முதல்லை நல்ல அரிசியைப் போடு, தம்பி!"