வண்டிக்கும் ஒரு நோட்டு வேணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், டாக்சி ஓட்டும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் தஞ்சாவூரில் டாக்சி ஓட்டுகிறேன். "ராத்திரி சவாரிக்குப் பயமா இல்லையா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறாங்க. பயம் இருக்கத்தான் செய்யுது. ஆனா அதைவிட என்னைக் கவிழ்க்கப் பார்த்தது கணக்கு.

குழு மூலமா வங்கிக் கடன் வாங்கி, மஞ்சள் போர்டு போட்ட பழைய கார் ஒண்ணு எடுத்தேன். திருச்சி விமான நிலையம் போய் வந்தா 1,600 ரூபாய். அத்தனையும் என் சம்பாத்தியம்னு நினைச்சு வீட்டுக்குச் செலவு பண்ணினேன். ஏழாம் மாசம் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் சேர்ந்து வந்தது. டயரும் தேய்ஞ்சு போச்சு. இரண்டு தவணை கட்ட முடியலை. குழுக் கடன் ஆச்சே, சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினாங்க. அந்த மாசம் மகளோட காலேஜ் ஃபீஸுக்கு உள்கடன் கேட்டிருந்த அக்காவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கம்மலை அடகு வைச்சாங்க. என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

அடுத்த கூட்டத்தில் எங்க ஊக்குநர், "குழுவுக்கு நோட்டு எழுதறோமே, உன் வண்டிக்கு எழுதினியா?" என்று கேட்டாங்க. அன்றே உட்கார்ந்து எழுதினோம். போக வர 110 கிலோமீட்டர்; திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டி. டீசலும் சுங்கமும் 700. தவணைக்கு 400. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீசுக்கு 200. மிச்சம் 300. அதுதான் என் கூலி!

இப்போ அந்த 600 ரூபாயை அன்றன்றே தனிக் கணக்கில் போடுகிறேன். தூரத்துச் சவாரியையே நம்பாம, ஆஸ்பத்திரி, ஸ்கூல் என்று உள்ளூர் வாடிக்கை பிடிச்சேன்.

வண்டி எடுக்க நினைக்கிற தங்கச்சிகளே, ஆர்.சி. உங்க பேரில் இருக்கட்டும். வாடகை வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி.; அதுக்கு மேல வருஷா வருஷம். பழைய வண்டி வாங்கினா இதையும் கணக்கில் சேருங்க. இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட் முடியற தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்க.

அந்த இரண்டு தவணையை ஐந்து மாசத்தில் குழுவுக்குத் திருப்பிட்டேன். அக்கா கம்மலும் மீண்டு வந்தாச்சு. அவங்க மகள் லீவுக்கு வந்தா, பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்தான் கூட்டி வர்றேன். வாடகை வாங்குறதில்லை. ஆனா டீசலை மட்டும் நோட்டில் எழுதிடுவேன்.